துவக்கின் இலக்கத்தைக் கேட்ட அன்று

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களில் சிலர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். என் காலத்தில் ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் பெண் துவக்கு, துப்பாக்கி என்று விற்கும் கடையில் நிற்கிறாள் என்றால் கோயிலில்கூட ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். "உதுக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள். நீர் அதையே விக்கிறீரோ?" என்று ஒரு அன்ரி பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "தூண்டிலும் விக்கிறம் அன்ரி, வாங்கோவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையில் நான் தூண்டில் பகுதிக்குத்தான் முதலில் சேர்ந்தேன். ஒஷாவாவுக்குப் போகும் வீதியில் வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடை அது. பழைய துவக்குகளை வாங்கி விற்கும் பகுதியில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், முதலாளி என்னைப் பயிற்சிக்கு அனுப்பி அந்த இடத்தில் நிறுத்தினார். ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றேன்.

சட்டங்களையும் படிவங்களையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை என் காலத்திலேயே பலமுறை மாறின, இனியும் மாறும். பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மாறாதது ஒன்று. பழைய துவக்கு ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், அதில் வெட்டியிருக்கும் இலக்கத்தைப் பொலிசிடம் கேட்டு, அது களவு போனதில்லை என்று தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறக்க வேண்டும். எங்கள் முதலாளி தன் மைத்துனரின் துவக்கைக்கூட இலக்கம் கேட்காமல் வாங்கவில்லை. மைத்துனர் கோபித்துக்கொண்டு அந்த டிசம்பர் நத்தார் விருந்துக்கு வரவே இல்லை. முதலாளி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களவு போன துவக்கைக் கொண்டு வருகிறவர் பெரும்பாலும் கள்ளன் இல்லை. ஒருமுறை வயதான மனிதர் ஒருவர், தன் இளமையில் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கிய துவக்கைக் கொண்டு வந்தார். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். இலக்கம் களவுப் பட்டியலில் இருந்தது. அவர் தூண்டில் பகுதியில் இருந்த ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, "என் இரண்டு பையன்களுக்கும் இதில்தான் சுடக் கற்றுக்கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்திருந்ததால்தான் பிறகு நேசன் என்றொருவர் வந்தபோது எனக்குக் கொஞ்சமாவது நிதானம் இருந்தது என்று நினைக்கிறேன்.

நேசன் வந்தது வன்னியில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில். அந்த வசந்த காலத்தை நினைவிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நினைவில்லாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் நகர மத்திக்குப் போய் நடைபாதையில் வரிசையாக நிற்போம். முதியவர்கள், கைக்குழந்தைகளோடு தாய்மார், பல்கலைக்கழகப் பிள்ளைகள். கையில் வன்னியில் இறந்தவர்களின் படங்கள் இருக்கும். கார்கள் கடந்து போகும். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி. காலையில் வேலைக்குப் போனால், ஆர்ப்பாட்டத்தில் சிலர் தெருவை மறித்ததைப் பற்றி யாராவது வாடிக்கையாளர் "உங்கள் ஆட்கள்" என்று தொடங்குவார். பத்திரிகைகளில் தமிழர் என்ற சொல்லும் ஆயுதம் என்ற சொல்லும் ஒரே வரியில் வந்துகொண்டிருந்தன. முதலாளி அந்தப் பக்கங்களை நான் வருவதற்கு முன் மடித்து வைத்துவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார்.

அன்று காலை கடை திறந்து கொஞ்ச நேரம்தான். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துவக்குப் பெட்டியோடு உள்ளே வந்தார். சாம்பல் நிறச் சட்டை, அதில் குத்திய கறுப்பு நாடா. கண்கள் வீங்கியிருந்தன. பெட்டியை மெதுவாக என் கண்ணாடி மேசையில் வைத்தார். பக்கத்தில் தன் கைத்தொலைபேசியை, திரை மேலே தெரியும்படி வைத்தார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம் தம்பி."

"அப்ப நல்லதாப் போச்சு. இதை எடுப்பியளோ? என்ன தந்தாலும் பரவாயில்லை. நான் இதைத் திருப்பி வீட்டை கொண்டு போக மாட்டன்."

என்ன தந்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம் தொழிலில் காது நிமிர வேண்டும். எனக்கும் நிமிர்ந்தது. அவசரம் ஏன் என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. யூனியன்வில்லில் வீடு. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குப் போகும்போது கூப்பிட்டிருக்கிறார்கள். முறையாகப் படித்து லைசென்ஸ் எடுத்திருக்கிறார்; நான் கேட்காமலே அதை எடுத்துத் தந்தார். அவர்களில் ஒருவரிடம் இந்த ரைபிளை வாங்கியிருக்கிறார். ஒரே ஒருமுறைதான் காட்டுக்குப் போனாராம், சுடவில்லையாம்.

"இப்ப மனிசி ஒரே அழுகை. அங்கை சனம் துவக்காலை சாகுது, நீங்கள் இங்கை ஒண்டை அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறியள் எண்டு கேக்கிறா. அவ கேக்கிறதும் சரிதானே அக்கா. தங்கச்சி குடும்பம், அம்மா, எல்லாரும் உள்ளுக்கை. மாசக் கணக்காக் கதையில்லை. போன் வந்தாலும் எண்டு இதைக் கண்ணுக்கு முன்னாலையே வைச்சிருக்கிறன்."

பெட்டியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, அதில்லாமல் சுட முடியாத போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்தேன். அந்தக் காலத்தில் எல்லாத் துவக்குக்கும் பதிவு இருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் கேட்டேன்.

"அது தபாலிலை வரும், பதிவை மாத்தச் சொல்லித் தான் போன் பண்ணுறன் எண்டவர். வரேல்லை."

"நீங்கள் பிறகு கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது அக்கா? ஒவ்வொரு நாளும் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு போற மனிசன். எங்கடை புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்து சாப்பிட்டவர். அவரிட்டைப் போய்க் கேட்டா, களவோ எண்டு கேட்ட மாதிரிப் போயிடுமே."

பிள்ளைகளே, நான் வேலை செய்த அத்தனை வருடத்திலும் பிழையான துவக்கை வாங்கியவர்களிடம் அதிகம் கேட்ட விளக்கம் இதுதான். எல்லா இனத்தவரும் சொல்வார்கள். நம்மவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். கேட்டால் அந்த மனிதரின் முகம் கோணிவிடுமே என்ற கூச்சம்.

"கொஞ்சம் இருங்கோ தம்பி, இலக்கத்தைப் பாத்துப்போட்டு வாறன்" என்று சொல்லி ரைபிளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அதை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். இந்த ஒழுங்கு முதலாளி பழக்கியது. அழைப்பை எடுக்கும்போது துவக்கு யாருடைய கைக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பார்.

பொலிஸ் நிலையத்தில் எடுத்தவரிடம் வகையையும் இலக்கத்தையும் சொன்னேன். வழக்கமாக ஒரு நிமிடம் கழித்து "ஒன்றுமில்லை" என்பார்கள். அன்று நெடுநேரம் காத்திருக்க வைத்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அதைக் கொண்டு வந்தவர் இன்னும் கடையில் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"திருப்பிக் கொடுக்க வேண்டாம். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அது ஒரு வீட்டை உடைத்து எடுக்கப்பட்டது. வீட்டுக்காரரான முதியவரை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதக்கணக்காகியும் அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்."

வெளியே நிற்கும் மனிதரின் வீங்கிய கண்கள்தான் நினைவுக்கு வந்தன. இவரா? ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆள் எப்படி இருக்கிறார்? பதற்றமாக இருக்கிறாரா?"

"அழுதிருக்கிறார்."

"நான் கேட்டது அதுவல்ல."

அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தொலைபேசியில் நான் சொல்லும் சொற்களை வைத்துத்தான் வருகிறவர்கள் கதவைத் திறப்பார்கள் என்று திடீரென்று புரிந்தது. நான் பயந்த குரலில் பேசினால் அவர்கள் பயத்தோடு வருவார்கள். அவர் நல்லவர், ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று நான் சொன்னால், எனக்குத் தெரியாததைச் சொன்னவள் ஆவேன். நம்பவும் மாட்டார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். துவக்கு பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. போல்ட் தனியாக என்னிடம். அவர் கைகள் வெறுமையாக இருக்கின்றன. சட்டையில் கறுப்பு நாடா, துக்கத்துக்கு. தன் லைசென்ஸை அவரே எடுத்துத் தந்தார். கடையில் இன்னும் ஒரு வாடிக்கையாளர், இடது பக்கம். முதலாளி. நான்.

எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "வருகிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

முதலாளியைப் பின்னறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரிய உடம்புக்காரர் அவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உனக்குத் தெரிந்தவரா?"

"இல்லை. எங்கள் நாட்டுக்காரர்."

"அவரோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாய். பொலிஸ் வந்து நீ என்ன சொன்னாய் என்று கேட்டால் நான் என்ன சாட்சி சொல்வேன்?"

அவர் கேட்டது நியாயம். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். ஆனால் முதலாளிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையில் வளர்ந்த ஆண்பிள்ளை சீருடையும் துவக்கும் சேர்ந்து வருவதைக் கண்டால் ஓடுவான். யோசித்து ஓடுவதில்லை, கால் தானாக ஓடும். இங்கே ஓடுகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"நான் அவரிடம் சொல்லத்தான் வேண்டும்" என்றேன். "ஒவ்வொரு வசனத்தையும் முதலில் ஆங்கிலத்தில் சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்."

நீங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் பொலிஸ் சொன்னது, பயிற்சியும் அதைத்தான் சொல்லும். துவக்கு பூட்டியிருந்தது, எதிரே நின்றவர் எங்கிருந்து வந்தவர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முதலாளி சரி என்றார். பிறகு போய் மற்ற வாடிக்கையாளரைப் பக்கக் கதவால் அனுப்பிவிட்டு வந்தார்.

ஆங்கிலத்தில் சொல்லி முடித்துத் தமிழில் சொன்னேன். "தம்பி, பதறாமல் கேளுங்கோ. இந்தத் துவக்கு களவு போனது எண்டு பொலிஸ் சொல்லுது. அவை இப்ப வருகினம். துவக்கோடை வருவினம். நீங்கள் ஓடக் கூடாது. கையைச் சட்டைப்பைக்குள்ளை விடக் கூடாது. ரெண்டு கையையும் இந்தக் கண்ணாடியிலை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ."

நேசனுக்கு முதலில் விளங்கவில்லை. சிரிக்கப் போவதுபோல் வாய் கோணியது.

"களவோ? நான்... அக்கா, நான் அவரிட்டைக் காசு குடுத்து வாங்கினனான்."

"ஓம். அதை அவையிட்டைச் சொல்லுங்கோ. இப்ப கையை வையுங்கோ."

அவர் கதவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பியது. அப்போது முதலாளி, மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நேசனுக்கு அருகில் நின்றார். தன் இரண்டு பெரிய கைகளையும் கண்ணாடியில் விரித்து வைத்தார். நேசன் அவரைப் பார்த்தார். பிறகு தன் கைகளையும் வைத்தார். நானும் வைத்தேன். மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

துவக்குகளோடு இவ்வளவு காலம் வேலை செய்தவள் நான். நாட்டை விட்டு வந்த பிறகு ஒரு துவக்கின் வாயை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். ஒரு பெண் அதிகாரியும் ஓர் இளம் அதிகாரியும் முன்கதவால் வந்தார்கள். பின்பக்கத்தாலும் ஆட்கள். சத்தமான கட்டளைகள். நேசன் அசையவில்லை. அவரைத் திருப்பி, சட்டையைத் தடவி, கைகளைப் பின்னால் கொண்டுபோய் விலங்கிட்டார்கள். அந்த இரும்புச் சத்தத்தோடு அவருடைய முகத்தில் இருந்த எல்லாம் வடிந்துவிட்டது. எதிர்ப்பு இல்லை, கோபம் இல்லை. எங்கேயோ பார்த்தார்.

அப்போது கண்ணாடியின் மேல் அவருடைய தொலைபேசி அதிர்ந்தது. இலங்கை இலக்கம்.

"அக்கா! அங்கையிருந்து! அக்கா!" என்று அவர் கத்தினார். இளம் அதிகாரி அவர் தோளை அழுத்திப் பிடித்தார். தொலைபேசி கண்ணாடியில் நகர்ந்து நகர்ந்து ஒலித்தது.

பெண் அதிகாரியிடம் நான் சுருக்கமாகத்தான் சொன்னேன். "இவருடைய தங்கை போருக்குள் இருக்கிறார். இது அவராக இருக்கலாம். இந்த அழைப்பு திரும்பி வராது."

அவர் திரையைப் பார்த்தார். நேசனைப் பார்த்தார். எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிவெடுத்தார் என்று இன்றும் வியக்கிறேன். "நீங்கள் எடுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி. ஒவ்வொரு சொல்லையும் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவரும் பேசலாம்."

எடுத்தேன்.

"அண்ணை... அண்ணை, கேக்குதோ?"

நேசன் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

"தங்கச்சி, நான் அண்ணையோடை நிக்கிற ஆள். அவர் பக்கத்திலைதான் நிக்கிறார். நீங்கள் கதைக்கிறது கேக்குது. சொல்லுங்கோ."

"அண்ணைக்கு என்ன? ஏன் கதைக்கேல்லை?"

"அவருக்குக் குரல் வரேல்லை அம்மா. அழுகிறார்." அது உண்மை. விலங்கைப் பற்றி நான் சொல்லவில்லை.

"அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இது வேறை ஆக்களின்ரை போன், கனக்கக் கதைக்க ஏலாது. நாங்கள் முகாமுக்கு வந்திட்டம். நானும் சின்னவளும்."

அதிகாரியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இவரும் மூத்தவனும் இல்லை. செல் விழுந்து வெடிச்சது, ரெண்டு பேரும் ஒரே இடத்திலை. நான் கண்ணாலை கண்டனான். மூடக்கூட ஏலாமல் விட்டிட்டு வந்தனான்."

அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் அழுகை இல்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார். நான்தான் தடுமாறினேன். மூட என்றால் துணியால் மூடுவதா, மண்ணால் மூடுவதா? எது என்று எனக்குத் தெரியவில்லை. மூடாமல் விட்டு வந்தாராம் என்றே ஆங்கிலத்திலும் சொன்னேன். இளம் அதிகாரியின் கை நேசனின் தோளிலேயே இருந்தது. ஆனால் அது இப்போது அழுத்தவில்லை, தாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா?" என்றார் நேசன். அந்த ஒரு சொல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"அண்ணை! அண்ணையோ? அம்மா எங்களோடை..."

இணைப்பு அறுந்தது.

திருப்பி எடுத்தேன். போகவில்லை. மறுபடி எடுத்தேன். அப்போதும் போகவில்லை.

"தாயைப் பற்றி என்ன சொன்னார்?" என்று பெண் அதிகாரி கேட்டார்.

"அம்மா, எங்களோடு. இந்த இரண்டு சொற்கள்தான்."

"அப்படியென்றால் அவர்களோடு இருக்கிறார்?"

நேசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

"தெரியாது. வந்தாரா வரவில்லையா என்பது எங்கள் மொழியில் கடைசியில்தான் வரும். அதற்குள் அறுந்துவிட்டது."

அதிகாரி தலையைக் குனிந்தார். பிறகு நேசனின் விலங்கைக் கழற்றி, கைகளை முன்னால் கொண்டு வந்து மறுபடி பூட்டினார். தொலைபேசியை எடுத்து அவருடைய உள்ளங்கைக்குள் வைத்தார். "காரில் இதை வைத்திருக்கலாம். மறுபடி வந்தால் எடுங்கள்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர்களோடு நடந்து போகும்போது நேசன் அந்தத் திரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அவருடைய மனைவிக்கு நான்தான் அழைத்தேன். எதை முதலில் சொல்வது என்று நெடுநேரம் இலக்கத்தை அழுத்தாமல் இருந்தேன். நேசன் உயிரோடு இருக்கிறார், அடிபடவில்லை என்பதை முதலில் சொன்னேன். மற்றதெல்லாம் பிறகு. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பொலிசைப் பற்றியது அல்ல. "மூத்தவனோ? உண்மையா மூத்தவனோ?" என்றுதான்.

அன்று மாலையே நேசனை விட்டுவிட்டார்கள். களவெடுத்தவன் தன் பெயர் போட்ட லைசென்ஸை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்து விற்க மாட்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர் சொன்ன ஆளைத் தேடிப் போனார்கள். அந்தச் சக தொழிலாளியின் உறவினன் ஒருவன் வீடுகளை உடைத்து எடுப்பதும், அந்தத் தொழிலாளி தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்பதும் வெளியே வந்தது. குடிபூரலுக்கு வந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டுக் குடித்த மனிதர். வழக்கு நடந்தபோது நான் சாட்சி சொன்னேன். தொலைபேசியில் என்ன சொன்னேனோ அதையேதான் நீதிமன்றத்திலும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பதால் என்னைக் குறுக்கு விசாரணை செய்தவருக்கு அதிக வேலை இருக்கவில்லை.

பொலிஸ் வந்த அந்த நாளுக்குப் பிறகு நான் நேசனைப் பார்த்தது கோடை முடியும் நேரம். கடைக்குள் வரவில்லை. மனைவியைக் காரில் இருத்திவிட்டு வாசலில் நின்றார். நான் வெளியே போனேன். மெலிந்திருந்தார்.

"தங்கச்சியோடை கதைச்சனான் அக்கா. அம்மா வரேல்லை. 'அம்மா எங்களோடை வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா', அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தவளாம். பேரனைத் தனிய விட்டிட்டு வர ஏலாது எண்டு அவனுக்குப் பக்கத்திலையே இருந்திட்டாவாம். தங்கச்சி இழுத்துப் பாத்தவளாம். சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேணும்தானே."

அவர் காரில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்கள் 'அம்மா வந்திட்டா' எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்" என்றார்.

"நான் அதைக் கேக்கேல்லையே தம்பி."

"ஓம்" என்றார். மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. போகத் திரும்பியவர் நின்று கேட்டார்: "அக்கா, அந்தத் துவக்குக்காரக் கிழவர்... அவர் தப்பினவரோ?"

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இலை உதிரும் காலத்தில் அந்தப் பெண் அதிகாரி சீருடை இல்லாமல் கடைக்கு வந்தார். தூண்டில் பகுதியில் எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு என் மேசைக்கு வந்தார். வாங்க வரவில்லை என்று எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது.

"அந்தத் தாய்?" என்று கேட்டார்.

சொன்னேன். முழு வசனத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடிக்குக் கீழே அடுக்கியிருந்த பொருட்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். போவதற்கு முன் நேசன் கேட்டதை, அந்தக் கிழவரைப் பற்றி, நான் கேட்டேன்.

"பிழைத்துக்கொண்டார்" என்றார். "நடக்கிறார். தனியாக இருக்கப் பயம். வீட்டை விற்றுவிட்டு மிசிசாகாவில் மகளோடு இருக்கிறார். அந்தத் துவக்கைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அதைப் பார்க்கவே விரும்பவில்லை."

அவர் போனதும் நேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். கிழவர் உயிரோடு இருக்கிறார், நடக்கிறார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரங்களின் ஓசை திடீரென்று நின்றது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து, "தம்பி?" என்றேன்.

"இருக்கிறன் அக்கா," என்றார். "அவரெண்டாலும் தப்பினாரே."